ஆன்டிகனியைப் படித்த மாணவர் தன் எதிர்வினையை எழுதுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

கிரேக்கத் துன்பியல் நாடகம் ஒன்றைப் படித்துவிட்டு, அது தன்னுள் எழுப்பிய எதிர்வினையை எழுதி வரச் சொன்னால், பெரும்பாலான மாணவர்கள் கதைச் சுருக்கத்தை இரண்டு பக்கம் எழுதி, கடைசி வரியில் "இந்நாடகம் என் மனத்தை ஆழமாகப் பாதித்தது" என்று முடித்துவிடுகிறார்கள். கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் நான் எழுதியதும் அப்படிப்பட்டதுதான். அதில் பொய் எதுவும் இருக்கவில்லை. நாடகம் என்னை உண்மையாகவே உலுக்கியிருந்தது. ஆனால் எந்த வரி உலுக்கியது, ஏன் அந்த வரி, மறுநாள் படித்தபோதும் அது அப்படியே இருந்ததா என்ற கேள்விகளுக்கு அக்கட்டுரையில் பதில் இல்லை. இன்று அதே பாடத்தை நடத்தி, அதே வகைக் கட்டுரைகளைத் திருத்தும் இடத்தில் இருப்பதால், அந்தக் கேள்விகளைத் தொடக்கத்திலேயே மாணவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று விரும்பி இதை எழுதுகிறேன்.

எல்லா நாடகங்களுக்கும் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை எந்த நாடகத்துக்கும் உதவுவதில்லை. ஆகவே, கி.மு. 441-ஐ ஒட்டி மேடையேறியதாகக் கருதப்படும் சோஃபக்ளீஸின் "ஆன்டிகனி" நாடகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வரி எண்களோடு பேசுகிறேன். எதிர்வினை என்பதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: நாடகம் உங்களை நிறுத்திய இடங்களைக் குறித்துவைத்து, அங்கே மறுபடியும் சென்று, முதலில் நினைத்தது எங்கே நிலைத்தது, எங்கே அசைந்தது என்று நேர்மையாகச் சொல்லும் கணக்கு. யார் செய்தது சரி, யார் செய்தது தவறு என்ற தீர்ப்பு அந்தக் கணக்கின் ஒரு சிறு பகுதி மட்டுமே.

படிப்பதற்கு முன்

முன்கதை சிறிதளவு தெரிந்தால் போதும். தீப்ஸ் நகரத்து அரசனான ஈடிபஸ், தாய் என்று அறியாமல் யொகாஸ்டாவை மணந்து பெற்ற பிள்ளைகள் நால்வர்: எட்டியோக்ளீஸ், பாலினைசஸ், ஆன்டிகனி, இஸ்மீனி. ஆட்சிக்காக நடந்த போரில் பாலினைசஸ் ஆர்கோஸ் நகரத்துப் படையைத் திரட்டிக்கொண்டு சொந்த நகரத்தையே தாக்க, இரு சகோதரர்களும் ஒருவர் கையால் ஒருவர் மடிந்தார்கள். அடுத்து ஆட்சிக்கு வந்த கிரியோன், நகரத்தைக் காத்த எட்டியோக்ளீஸுக்கு முறைப்படி அடக்கமும், தாக்க வந்த பாலினைசஸின் உடல் நாய்க்கும் பறவைக்கும் இரையாகக் கிடக்க வேண்டும் என்ற ஆணையும் பிறப்பிக்கிறான். எதிரிப் படை ஓடிப்போன இரவு முடிந்து பொழுது புலரும் வேளையில் நாடகம் தொடங்குகிறது. அந்த ஆணையை மீறி ஆன்டிகனி பாலினைசஸின் உடல்மீது மண் தூவுவதும் அதன் விளைவுகளும்தான் கதை.

இத்துடன் ஓர் எச்சரிக்கை. "ஈடிபஸ் மன்னன்", "கொலோனஸில் ஈடிபஸ்", "ஆன்டிகனி" ஆகிய மூன்றும் பல பதிப்புகளில் ஒரே அட்டைக்குள் வருவதால், அவை ஒரே தொடரின் மூன்று பாகங்கள் என்று மாணவர்கள் நம்பிவிடுகிறார்கள். கதை வரிசையில் கடைசியாக வரும் "ஆன்டிகனி"தான் மூன்றிலும் முதலில் எழுதப்பட்டது. "கொலோனஸில் ஈடிபஸ்" சோஃபக்ளீஸ் இறந்த பின்பு கி.மு. 401-இல்தான் மேடையேறியது. மூன்றிலும் வரும் கிரியோன் ஒரே குணமுள்ள மனிதனாகவும் இல்லை. ஒரு நாடகத்தின் கிரியோனைக் கொண்டு இன்னொரு நாடகத்தின் கிரியோனை விளக்கினால், அங்கேயே உங்கள் கட்டுரை தடம் மாறிவிடும்.

பதிப்பாசிரியரின் முன்னுரையை இப்போது படிக்க வேண்டாம். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கண்டறிவதற்கு முன்பே, எங்கே நிற்க வேண்டும் என்று அது சொல்லிவிடும்.

ஒரே அமர்வில் முதல் வாசிப்பு

மூலத்தில் இந்நாடகம் 1353 வரிகள். நிதானமாகப் படித்தாலும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று முன்னோ பின்னோ முடிந்துவிடும். அதை இரண்டு நாட்களாகப் பிரிக்காதீர்கள். ஒரே நாளின் விடியலில் தொடங்கி அந்த நாளுக்குள்ளேயே ஒரு குடும்பம் அழிந்துவிடும் வேகத்தை, இடையில் தூங்கி எழுந்தவர் உணர முடியாது. முடிந்தால் வாய்விட்டுப் படியுங்கள். கிரியோனின் மகன் ஹீமோனும் கிரியோனும் ஒரு வரிக்கு ஒரு வரி பதில் கொடுத்துக்கொள்ளும் இடத்தை மௌனமாகப் படிப்பவருக்கு அது ஒரு வாதம்; வாய்விட்டுப் படிப்பவருக்குத்தான் தந்தைக்கும் மகனுக்கும் இடையில் ஏதோ அறுந்துபோவது கேட்கும்.

கையில் பென்சில் இருக்கட்டும். மனம் நின்ற இடத்தில் ஓரத்தில் ஒரு சிறு கோடு மட்டும் போடுங்கள். காரணம் எழுத வேண்டாம். வியந்து நின்றாலும், எரிச்சல்பட்டாலும், குழம்பினாலும், சலித்தாலும் அதே கோடுதான். காட்சிகளுக்கு இடையில் சேர்ந்து பாடும் பாடற்குழுவின் பாடல்களைத் தாண்டிப் போனால் அதையும் குறித்துவையுங்கள். தாண்டிப் போனதும் ஓர் எதிர்வினையே. ஏன் தாண்டினோம் என்று பின்னால் கேட்க வேண்டியிருக்கும்.

அன்றிரவு தூங்குவதற்கு முன், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு பக்கம் எழுதுங்கள். யார் பக்கம் நின்றீர்கள், எந்த இடத்தில் பக்கம் மாறியது, புத்தகத்தைப் பார்க்காமல் நினைவுக்கு வரும் சொல் எது, எது புரியவில்லை என்பவை அதில் இருந்தால் போதும். மேலே தேதியைப் போடுங்கள். அந்தப் பக்கத்தைப் பிறகு எக்காரணம் கொண்டும் திருத்தக் கூடாது. பின்னால் உங்கள் கருத்து மாறும். மாறியதைக் காட்டும் ஒரே சான்று அந்தப் பக்கம்தான்.

இரண்டாம் வாசிப்பு: சொற்களின் அருகில்

நம்மில் பெரும்பாலோர் இந்நாடகத்தை ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறோம். இதைக் குறையாக மட்டும் எண்ண வேண்டாம். கிரேக்கச் சொல்லிலிருந்து ஆங்கிலம் நழுவவிட்டதைத் தமிழ்ச் சொல் சில சமயம் பிடித்துக்கொள்கிறது. கோடு போட்ட வரிகளை இரண்டு வெவ்வேறு மொழிபெயர்ப்புகளில் ஒப்பிட்டுப் பாருங்கள். பல பதிப்புகளின் ஓரத்தில் மூலத்தின் வரி எண் இருப்பதால் இது எளிது. இரண்டும் பெரிதாக வேறுபடும் இடத்தில் மூலச்சொல் ஏதோ ஒன்றை மறைத்து வைத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

332-ஆம் வரியில் தொடங்கும் பாடல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உலகில் எத்தனையோ உண்டு, மனிதனைப் போல் எதுவும் இல்லை என்று பாடற்குழு பாடுகிறது. மனிதன் எப்படிப்பட்டவன் என்பதற்கு ஒரு மொழிபெயர்ப்பு "வியக்கத்தக்கவன்" என்கிறது. மற்றொன்று "அச்சம் தருபவன்" என்கிறது. மூலத்தில் இருக்கும் "டெய்னா" என்ற சொல்லில் இரண்டும் உண்டு. இதைப் புரிந்துகொள்ள நமக்கு அகராதி தேவையில்லை. "பயங்கரமாகப் பாடுகிறான்", "பயங்கரமான மூளை" என்று நாம் நாள்தோறும் பேசுகிறோமே, அந்தப் பயங்கரம்தான் இது. கடலைக் கடந்தவன், மண்ணை உழுதவன், குதிரையைப் பழக்கியவன், பேச்சையும் சிந்தனையையும் தானே கற்றுக்கொண்டவன், சாவுக்கு மட்டும் வழி காணாதவன் என்று பாடி முடித்த கணத்தில், பாலினைசஸின் உடலைக் காத்த காவலன் ஆன்டிகனியை இழுத்துக்கொண்டு வருகிறான். பயங்கரம் என்ற சொல் யாரைக் குறித்தது என்ற கேள்வியைப் பாடல் கேட்கவில்லை, காட்சிகளின் வரிசை கேட்கிறது. முதல் வாசிப்பில் இப்பாடலைத் தாண்டிப் போனவர்கள் இங்கே திரும்பி வர வேண்டும்.

உறவுச் சொற்களில் இன்னும் கவனம் தேவை. "சகோதரர்" என்பதற்கு மூலத்தில் வரும் அடெல்ஃபோஸ் என்ற சொல்லின் வேர்ப்பொருள் "ஒரே கருப்பையைச் சேர்ந்தவர்". நாம் அன்றாடம் எழுதும் "சகோதரன்" என்ற வடசொல்லும் "உதரம்" என்ற வயிற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதே வகையில் பிறந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவனுக்குச் செய்யும் மரியாதையில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று 511-ஆம் வரியில் ஆன்டிகனி சொல்லும்போது, அவள் உவமை பேசவில்லை. அந்த வயிறு யொகாஸ்டாவின் வயிறு. அவள் தந்தையும் அதே வயிற்றில் பிறந்தவன். இந்தக் குடும்பத்தில் "ஒரே வயிறு" என்ற சொல்லைச் சாபத்தின் நினைவு இல்லாமல் உச்சரிக்க முடியாது. அவள் அதையே பெருமையாக உச்சரிக்கிறாள்.

பாலினைசஸ் அவளுக்கு அண்ணனா தம்பியா என்று தமிழ் நம்மைக் கேட்கும். இந்நாடகம் அதற்குப் பதில் தருவதில்லை. எனவே "உடன்பிறந்தவன்" என்றே எழுதுங்கள். இதற்கு நேர்மாறாக, ஆங்கில மொழிபெயர்ப்பில் "அங்கிள்" என்ற பொதுச்சொல்லுக்குள் ஒளிந்துவிடும் ஓர் உறவைத் தமிழ் வெளியே கொண்டுவருகிறது. கிரியோன் யொகாஸ்டாவின் உடன்பிறந்தவன். ஆகவே ஆன்டிகனிக்கும் பாலினைசஸுக்கும் தாய்மாமன். "அவள் என் சகோதரியின் மகளே ஆனாலும் தப்ப மாட்டாள்" என்ற பொருள்பட 486-ஆம் வரியில் அவனே இதைச் சொல்கிறான். ஹீமோன் அவளுக்கு மணம் பேசப்பட்ட மாமன் மகன். தாய்மாமன் என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் இருக்கும் சீரையும் கடமையையும் அப்படியே கிரேக்கத்துக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது. அது வேறு சமூகம். ஆனால் நகரத்தின் பெயரால் பேசும் மனிதன், நாய்க்கு வீசிய உடலுக்கு நெருங்கிய இரத்த உறவினன் என்பது உரையிலேயே உள்ள உண்மை. அதை மறந்துவிட்டு "அரசுக்கும் குடும்பத்துக்கும் மோதல்" என்று எழுதினால் பாதியை விட்டுவிட்டீர்கள். இரு தரப்பும் ஒரே வீட்டுக்குள் நிற்கின்றன.

பலர் மேற்கோள் காட்டும் 523-ஆம் வரியையும் இதே முறையில் அணுகலாம். வெறுப்பில் பங்குகொள்ளப் பிறக்கவில்லை, அன்பில் பங்குகொள்ளவே பிறந்தேன் என்கிறாள் ஆன்டிகனி. இங்கே அன்பைக் குறிக்கும் சொல்லின் வேரான ஃபிலோஸ், உறவினரையும் நேசத்துக்குரியவரையும் ஒருசேரக் குறிக்கும். நம் பழைய "கேளிர்" என்ற சொல்லைப் போல. எனவே எல்லா மனிதரையும் நேசிக்கிறேன் என்ற பொது அறிக்கையாக இந்த வரியைப் படிப்பது சிரமம். என் கேளிரோடு நான் நிற்பேன் என்கிறாள். இதே ஆன்டிகனி, தொடக்கக் காட்சியில் உடன் வர மறுத்த இஸ்மீனியிடம், நீ என் வெறுப்புக்கு ஆளாவாய் என்று சொன்னவள். இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். முதல் இரவு நீங்கள் எழுதிய பக்கத்தில் "ஆன்டிகனி அன்பின் வடிவம்" என்று இருந்தால், அது இங்கே அசையத் தொடங்கும்.

மேடையை மனத்தில் கட்டுதல்

இந்நாடகம் ஏதென்ஸில் அக்ரோபொலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் இருந்த டயனைசஸ் அரங்கில், வசந்தகாலத் திருவிழாவுக்காக எழுதப்பட்ட வகையைச் சேர்ந்தது. எல்லா வேடங்களையும் முகமூடி அணிந்த மூன்று ஆண் நடிகர்கள் பகிர்ந்துகொண்டார்கள். 15 பேர் கொண்ட பாடற்குழு ஆடிப் பாடியது. இவற்றைத் தகவலாகக் கட்டுரையில் அடுக்குவதால் பயனில்லை. வாசிப்பை மாற்றும் இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள்.

ஒரு தாளை எடுத்து, யார் எந்த வரியில் வருகிறார்கள், எந்த வரியில் போகிறார்கள் என்று குறியுங்கள். ஆன்டிகனி கடைசியாகப் பேசிவிட்டுப் போவது 943-ஆம் வரியில். அதன் பிறகு சுமார் 410 வரிகள், அதாவது நாடகத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமான பகுதி, அவள் இல்லாமல் நடக்கிறது. ஹீமோனின் உடலைக் கிரியோன் தாங்கி வருகிறான், அவன் மனைவி யூரிடிசியின் உடலும் காட்டப்படுகிறது. ஆன்டிகனியின் உடல் மேடைக்குத் திரும்புவதே இல்லை. ஓர் உடலுக்கு அடக்கம் வேண்டி உயிரைக் கொடுத்தவளின் உடல் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. இந்த வெறுமையை நான் மூன்றாம் முறை படித்தபோதுதான் கண்டேன். அதற்குப் பிறகு இந்நாடகத்தைப் பற்றி நான் எழுதிய எதுவும் அதைத் தவிர்த்துவிட்டுப் போனதில்லை.

யூரிடிசியையும் கவனியுங்கள். பேசுவது மிகச் சில வரிகள். மகன் இறந்த செய்தியைத் தூதன் சொல்லி முடிக்கும்போது, ஒரு சொல்லும் பேசாமல் உள்ளே போய்விடுகிறாள். அந்த மௌனம் தங்களை அச்சுறுத்துகிறது என்று பாடற்குழு சொல்கிறது. புத்தகத்தில் மௌனம் கண்ணுக்குத் தெரியாது. மேடையை மனத்தில் கட்டியவருக்குத்தான் தெரியும்.

பாடற்குழுவினர் தீப்ஸின் முதியவர்கள். அவர்களை ஆசிரியரின் குரல் என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கிரியோனின் ஆணைக்குத் தொடக்கத்தில் தலையசைப்பவர்கள் இவர்களே. பயம் இவர்கள் வாயைக் கட்டியிருக்கிறது என்று ஆன்டிகனி குற்றஞ்சாட்டுவதும் இவர்களையே. அவள் கல்லறைக்குப் போகும்போது கண்ணீரை அடக்க முடியவில்லை என்பவர்களும், துணிவின் எல்லைக்குப் போய் நீதியின் பீடத்தில் மோதினாய் என்று அவளைக் கடிபவர்களும் இவர்களே. பொதுமக்கள் இப்படித்தான் இருப்பார்கள். உங்கள் முதல் வாசிப்பின் தடுமாற்றங்களுக்கு மிக அருகில் நிற்பவர்களும் இவர்களாகவே இருக்கலாம்.

ஏதென்ஸ் மக்கள் எதைக் கேட்டிருப்பார்கள்

இப்போதுதான் வரலாற்றுக்குப் போக வேண்டும். துரோகிகளை, ஏதென்ஸைச் சூழ்ந்த பகுதியான அட்டிகா மண்ணில் புதைக்கக் கூடாது என்ற விதி ஏதென்ஸில் உண்மையாகவே இருந்தது. கி.மு. 480-இல் சலாமிஸ் கடற்போரில் நகரத்தைக் காப்பாற்றிய தெமிஸ்டோக்ளீஸ், பிற்காலத்தில் துரோகக் குற்றத்துக்கு ஆளாகிப் பாரசீக ஆட்சிப் பகுதியில் இறந்தபோது, அவர் எலும்புகளைக் கொண்டுவந்து யாரும் அறியாமல் அட்டிகா மண்ணில் புதைத்துவிட்டதாக அவர் உறவினர்கள் சொன்னதை வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் பதிவு செய்திருக்கிறார். அரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கு ஆன்டிகனியின் சிக்கல் பழங்கதை மட்டுமாக இருந்திருக்காது. அதே சமயம், அந்த விதி எல்லைக்கு வெளியே புதைப்பதைத் தடுக்கவில்லை. உடலை அழுகவிட்டு, நாயும் பறவையும் தின்பதை நகரமே பார்க்க வேண்டும் என்ற கிரியோனின் ஆணை அவ்விதியைத் தாண்டிய ஒன்று.

கிரியோனைக் கொடுங்கோலன் என்று முதல் பக்கத்திலேயே எழுதியவர்களுக்கு இன்னொரு செய்தி. நகரம் என்ற கப்பல் நிலையாக இருந்தால்தான் நண்பர்களைத் தேட முடியும் என்று அவன் பேசும் முதல் உரையின் ஒரு பகுதியை, கி.மு. 343-இல் ஏதென்ஸின் பேச்சாளர் டெமாஸ்தனீஸ் வழக்கு மன்றத்தில் வாசிக்கச் செய்து, நல்ல குடிமகனுக்கான வழிகாட்டியாக முன்வைத்தார். நாடகம் வந்து சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சொற்கள் மதிப்போடு மேற்கோள் காட்டப்பட்டன. அப்படியானால், அவன் சொற்களில் தவறு எந்த இடத்தில் நுழைகிறது என்று தேட வேண்டிய பொறுப்பு நமக்கு வருகிறது. நகரம் ஒருவனுக்கு மட்டும் சொந்தமானால் அது நகரமே அல்ல என்று ஹீமோன் சொல்லும் 737-ஆம் வரியைச் சுற்றித் தேடுங்கள் என்பது என் பரிந்துரை.

உங்களுக்குப் பிடிக்காத இடம்

என் அனுபவத்தில், ஒரு கட்டுரையின் தரம் பெரும்பாலும் இந்தப் படியில்தான் முடிவாகிறது. நாடகத்தில் உங்களுக்குப் பிடிக்காத, இல்லாமல் இருந்திருக்கலாமே என்று தோன்றிய இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே நீண்ட நேரம் தங்க வேண்டும்.

பலருக்கும் அந்த இடம் 904-ஆம் வரியை ஒட்டித் தொடங்கும் பேச்சாக இருக்கும். எழுதப்படாத, அசைக்க முடியாத தெய்வ நியதிகளின் பெயரால் முன்னர் வாதாடிய ஆன்டிகனி, சாகப் போகும் வேளையில் வேறொன்று சொல்கிறாள்: கணவன் இறந்து அழுகிக் கிடந்திருந்தாலோ, என் குழந்தையே இறந்திருந்தாலோ, நகரத்தின் ஆணையை மீறி இதைச் செய்திருக்க மாட்டேன், வேறு கணவன் கிடைப்பான், வேறு குழந்தை பிறக்கும், தாயும் தந்தையும் பாதாள உலகுக்குப் போய்விட்டதால் இன்னொரு உடன்பிறந்தவன் எனக்குப் பிறக்கவே மாட்டான். இதைப் படித்து முகம் சுளித்தவர் நீங்கள் மட்டும் அல்லர். இந்த வரிகள் சோஃபக்ளீஸ் எழுதியவை அல்ல என்று யாராவது அறிஞர் நிறுவிவிட்டால் நன்றாக இருக்கும் என்று 1827-இல் ஜெர்மன் கவிஞர் கதே ஏங்கினார். ஆனால் அரிஸ்டாட்டில் தம் "சொற்கலை" நூலில் இப்பேச்சை எடுத்துக்காட்டுகிறார். அவர் காலத்திலேயே அது நாடகத்தின் பகுதியாக இருந்திருக்கிறது. ஹெரடோட்டஸின் வரலாற்றிலும் இதே தர்க்கம் உண்டு: உறவினர்களில் ஒருவரை மட்டும் விடுவிக்கலாம் என்று பாரசீக மன்னன் டேரியஸ் சொல்ல, இன்டாஃப்ரெனீஸ் என்பவனின் மனைவி கணவனையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுச் சகோதரனைக் கேட்டாள்.

இத்தனையும் தெரிந்த பிறகும் முகச்சுளிப்பு போக வேண்டிய கட்டாயமில்லை. அதை ஆராய்ந்து பாருங்கள். மாணவனாக இருந்தபோது எனக்கு அந்தப் பேச்சு கொள்கைக்குத் துரோகமாகத் தெரிந்தது; நியதி என்றால் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டாமா என்று எழுதினேன். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹெரடோட்டஸின் பெண் உயிரோடிருக்கும் சகோதரனை மீட்கிறாள். ஆன்டிகனியோ இறந்தவனுக்காகச் சாகிறாள், அவளுக்கு எதுவும் திரும்பக் கிடைக்காது. அந்தக் கணக்கு சாவுக்கு முன் தனியாக நிற்கும் ஓர் இளம்பெண், ஏன் செய்தேன் என்று தனக்கே சொல்லிக்கொள்ள முயலும்போது கைக்கு அகப்பட்ட தர்க்கம். தர்க்கம் பலவீனமாக இருப்பதாலேயே அவள் செய்கையின் உண்மையான காரணம் சொல்லுக்கு அப்பால் இருப்பது தெரிகிறது. என்னுடன் நீங்கள் உடன்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பேச்சைத் தாண்டிக் குதித்துவிட்டு ஆன்டிகனியைப் புகழும் கட்டுரையை என்னால் நம்ப முடிவதில்லை.

சொந்த வாழ்க்கையை எவ்வளவு சேர்ப்பது

இரண்டு மூன்று வாக்கியங்கள் போதும். அந்த வாக்கியங்கள் நாடகத்தின் ஒரு குறிப்பிட்ட வரியைத் திறந்து காட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, பின்னாளில் நான் திருத்தி எழுதிய கட்டுரையின் ஒரு பத்தியைத் தருகிறேன்:

"என் பெரியப்பாவை அடக்கம் செய்த நாளில், எங்கள் குடும்பத்துடன் பல ஆண்டுகள் பேச்சே இல்லாதிருந்த ஓர் உறவினர் கடைசியாக வந்து, குழிக்குள் ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் திரும்பிச் சென்றார். அந்தப் பிடி மண் உடலை மூடவில்லை. காவலன் கிரியோனிடம் சொல்லும் செய்தியைப் படித்தபோது அது நினைவுக்கு வந்தது: மண்வெட்டியின் தடம் இல்லை, வண்டிச் சக்கரத்தின் தடம் இல்லை, உடல் புதைக்கப்படவும் இல்லை, சாபத்துக்கு அஞ்சியவர் தூவியதைப் போல் மெல்லிய புழுதி மட்டும் மேலே கிடந்தது. அதுவரை ஆன்டிகனி செய்தது அரைகுறை அடக்கம் என்று நினைத்திருந்தேன். அரைகுறை அன்று, அது முழுமையானது, ஏனென்றால் அவள் செய்ய வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஆனால் என் உறவினரை யாரும் தடுக்கவில்லை. அவர் போட்ட மண் ஒரு பகையை முடித்தது. ஆன்டிகனி தூவிய மண்ணோ அவளுக்கு எஞ்சியிருந்த எல்லா உறவுகளையும் அறுத்தது."

இப்பத்தியில் நினைவு ஒரு வாசலாக மட்டுமே வருகிறது. பத்தி முடியும்போது நாடகத்துக்கும் நினைவுக்கும் உள்ள வேறுபாடும் சொல்லப்பட்டுவிடுகிறது. வேறுபாட்டைச் சொல்லாத ஒப்புமை இரண்டையும் மங்கச் செய்யும்.

இதே காரணத்தால் கண்ணகியோடு ஒப்பிடுவதிலும் நிதானம் வேண்டும். தமிழ் மாணவர்கள் பத்தில் எட்டுப் பேராவது அரசன் முன் நிற்கும் பெண் என்றதும் அங்கே போய்விடுகிறார்கள். கண்ணகி ஓர் உண்மைப் பிழையை நிறுவ வருகிறாள்: என் சிலம்பில் இருப்பது மாணிக்கம், அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. சிலம்பு உடைந்ததும் பாண்டியன் தன் தவற்றை உணர்ந்து அங்கேயே உயிர் விடுகிறான். ஆன்டிகனியின் வழக்கில் உண்மை பற்றிச் சச்சரவே இல்லை. பாலினைசஸ் நகரத்தைத் தாக்கினான், அவள் ஆணையை மீறினாள். இரண்டையும் யாரும் மறுக்கவில்லை. உடைத்துக் காட்ட அவள் கையில் சிலம்பு இல்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லத் தயாராக இருந்தால் ஒப்பிடுங்கள்.

எழுதத் தொடங்கும்போது

முதல் வாக்கியத்தில் சோஃபக்ளீஸின் பிறப்பையும் அவர் 120-க்கு மேற்பட்ட நாடகங்களை எழுதியதையும் ஏழு மட்டுமே முழுமையாகக் கிடைப்பதையும் சொல்ல வேண்டாம். நீங்கள் நின்ற வரியில் தொடங்குங்கள். கதைச் சுருக்கம் ஒரு பத்தியைத் தாண்டக் கூடாது. முதல் இரவின் பக்கத்திலிருந்து ஒரு வாக்கியத்தை மாற்றாமல் எடுத்துக்காட்டி, அதை எந்த வரி அசைத்தது என்று சொல்லுங்கள். மேற்கோள்களுக்கு மூல வரி எண்ணைத் தாருங்கள். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

"துன்பியல் குறை" என்ற ஆயத்தச் சொல்லிலும் எச்சரிக்கை தேவை. அரிஸ்டாட்டில் பயன்படுத்தும் ஹமார்டியா, குறி தவறுதலை அடிப்படைப் பொருளாகக் கொண்ட சொல்; குணக்கேட்டை மட்டும் குறிப்பதன்று. கிரியோனின் பிடிவாதம்தான் குறை என்று ஒரு வரியில் முடிப்பதைவிட, அவன் எந்த இடத்தில் குறி தவறுகிறான் என்று பாருங்கள். குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸின் எச்சரிக்கைக்குப் பிறகு அவன் மனம் மாறும்போது, முதலில் பெண்ணை விடுவி, பிறகு இறந்தவனுக்குக் கல்லறை எழுப்பு என்று பாடற்குழு தெளிவாகச் சொல்கிறது. அவன் பாலினைசஸை முதலில் அடக்கம் செய்துவிட்டு, ஆன்டிகனியை உயிரோடு அடைத்து வைத்த குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்கிட்டு இறந்துவிட்டாள். நாடகம் முழுவதும் அவள் கேட்ட ஒன்றை, இறந்தவனுக்குரிய மரியாதையை, அவன் இறுதியில் எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்தான். அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய நேரம் அதில் போயிற்று. இதை எண்ணும்போதெல்லாம் எனக்குக் கிரியோன் மீது இரக்கம் வருகிறது.

ஜெர்மன் தத்துவஞானி ஹெகலின் பெயரைச் சொல்லி "இரண்டு நியாயங்களின் மோதல்" என்று எழுதுவதும் உண்டு. பெரிய சிந்தனைதான். உங்கள் குறிப்புகளிலிருந்து அந்த முடிவுக்கு நீங்களே நடந்து வந்திருந்தால் மட்டும் அதைச் சேருங்கள்.

எழுதி முடித்ததும், நாடகத்தைப் படிக்காத ஒருவருக்கு, வீட்டில் அம்மாவாகவோ அக்காவாகவோ இருக்கலாம், கட்டுரையை வாசித்துக் காட்டுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். "அந்த இன்னொரு பெண் என்ன ஆனாள்?" என்று அவர் கேட்கக்கூடும். புத்தகத்தைத் திறந்து இஸ்மீனியைத் தேடிப் பாருங்கள். 581-ஆம் வரியோடு அவள் உள்ளே கொண்டுபோகப்படுகிறாள். 771-இல் கிரியோன் அவளுக்கு உயிர்ப்பிச்சை தருகிறான். அதன் பிறகு அவளைப் பற்றிப் பேச்சே இல்லை. 941-ஆம் வரியில், கல்லறைக்குப் போகும் ஆன்டிகனி, அரச குலத்தில் எஞ்சிய ஒரே ஒருத்தி என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறாள். அதே அரண்மனைக்குள் அவள் உடன்பிறந்தவள் உயிரோடு இருக்கிறாள். அந்த வரியின் ஓரத்தில் உங்கள் கோடு இல்லையென்றால், இப்போது ஒன்று போட்டுவிட்டு மறுபடியும் படிக்கத் தொடங்குங்கள்.